கையில் கொடுத்தால் மட்டும் போதுமா?

(நம் மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில், கண் பிரிவின் பார்வைக் குறைவுப் பணியாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



வழக்கமாக இந்தக் கூடுகையில் எத்தனை கண்புரை ஆபரேஷன்கள் நடந்தன, கட்டு அவிழ்த்ததும் எத்தனை பேர் தங்கள் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள் என்று சொல்வோம். கேட்பதற்கு உங்களுக்கும் சந்தோஷம், சொல்வதற்கு எங்களுக்கும் சந்தோஷம். இந்த முறை வேறு சிலரைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷனே செய்ய முடியாதவர்களும் இருக்கிறார்கள். கண் நீர் அழுத்த நோயால் பார்வை நரம்பு கெட்டுப்போனவர்கள், சர்க்கரை நோயால் விழித்திரை பாழானவர்கள், மாலைக்கண்ணில் தொடங்கி வருடாவருடம் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறவர்கள் இவர்களில் அடங்குவார்கள்.

டாக்டர் இவர்களிடம், "அம்மா, இனி மருந்தாலோ ஆபரேஷனாலோ செய்யக்கூடியது ஒன்றுமில்லை" என்று சொல்ல வேண்டிய நாள் வருகிறது. அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், காப்பியை டம்ளரில் ஊற்ற வேண்டும், காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் பிரித்தறிய வேண்டும், கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையை எண்ண வேண்டும். அந்தக் காலை வேளைக்கு உதவும் சிறு உபகரணங்களைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறோம்.

மீதியிருக்கும் பார்வை

முதலில் ஒரு விளக்கம். பார்வையற்றவர் என்றால் முழு இருட்டில் இருப்பவர் என்று பலர் எண்ணுகிறார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை மீதி இருக்கிறது. சிலருக்கு வெளிச்சம் தெரியும், சிலருக்கு ஆள் நிழலாகத் தெரியும், சிலருக்குப் பெரிய எழுத்து தெரியும். நல்ல கண் 18 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை, கண்ணாடி போட்டும் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடிகிறது என்றால் அதை 6/18 என்று எழுதுகிறோம். சிகிச்சையும் கண்ணாடியும் கொடுத்த பிறகும் அதற்குக் கீழே நிற்கிற, ஆனால் மீதிப் பார்வையை உபயோகிக்க முடிகிறவரைப் பார்வைக் குறைவுள்ளவர் என்கிறோம்.

அந்த மீதியும் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு ஓரங்கள் மறைந்து, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியலாம். அவர் செய்தித்தாள் படிப்பார், ஆனால் வாசலில் கிடக்கும் கட்டிலில் இடித்துக்கொள்வார். விழித்திரையின் மையம் கெட்டவர் தாராளமாய் நடந்து போவார், ஆனால் எதிரில் நிற்கும் மகளின் முகம் தெரியாது. முதலாமவருக்குக் கோல் வேண்டியிருக்கலாம், இரண்டாமவருக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கலாம். இருவருக்கும் ஒரே பொருளைக் கொடுத்தால் ஒருவருக்காவது அது வீண்.

சமையலறையில்

செலவில்லாத உதவிகளிலிருந்து தொடங்குகிறோம். நம் வீடுகளில் தட்டும் டம்ளரும் எவர்சில்வர். பளபளப்பு கண்ணைக் கூசவைக்கும். பார்வை குறைந்தவருக்கு அந்தத் தட்டில் வெள்ளைச் சோறு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதே சோற்றை வாழையிலையில் போட்டால் பச்சையின்மேல் வெள்ளை நன்றாகத் தெரியும். இலை இல்லாதபோது கரும்பச்சை அல்லது நீல நிறத் தட்டு போதும். காப்பிக்கு வெள்ளைப் பீங்கான் கோப்பை, பாலுக்கும் மோருக்கும் அடர்ந்த நிறக் கோப்பை. இந்த ஒரு யோசனையால் மட்டும், "மருமகள் முன்னால் சிந்தாமல் சாப்பிடுகிறேன்" என்று சொன்ன பெரியவர்கள் உண்டு.

சுத்தமாகப் பார்வை இல்லாதவருக்கு, சூடான காப்பியை ஊற்றும்போது விரலை உள்ளே விட்டு அளவு பார்ப்பதே பழக்கம். விரல் வெந்துபோகும். இதற்காகத் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு கருவி இருக்கிறது. அதன் கம்பிகள் உள்பக்கம் தொங்கும்படி டம்ளரின் விளிம்பில் மாட்டிவிட வேண்டும். காப்பி கம்பியைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து கருவி சத்தம் போடும். பட்டனளவு பேட்டரியில் ஓடுகிறது. அது இல்லாதவர்களுக்கு, காதால் கேட்டு ஊற்றக் கற்றுக்கொடுக்கிறோம். டம்ளர் நிறைய நிறையச் சத்தம் மெல்லியதாகி ஏறுவதைப் பழகிய காது கண்டுபிடித்துவிடும்.

மாத்திரைப் புட்டிகளுக்கு ரப்பர் பேண்டு போடச் சொல்கிறோம். காலை மாத்திரைக்கு ஒன்று, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. உப்பைப் புட்டியிலும் சர்க்கரையை டப்பாவிலும் வைத்தால் தொட்டவுடன் தெரியும். காஸ் அடுப்புக் குமிழில், நெருப்பு சிம்மில் நிற்கும் இடத்தில், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீலை மிளகளவு ஒட்டிக் காயவிட்டால் விரலுக்கு அடையாளம். தையல் தெரிந்தவர்களுக்கு, காதின் மேல்பக்கம் பிளந்த ஊசி இருக்கிறது. நூலை மேலிருந்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். நூல் கோத்துத் தர ஒருவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

கைக்கடிகாரமும் அப்படியே. மூடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்க்கும் பிரெய்ல் கடிகாரமும், பொத்தானை அழுத்தினால் மணி சொல்லும் பேசும் கடிகாரமும் கிடைக்கின்றன. "மணி என்ன?" என்று மற்றவரைக் கேட்காமல் இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு நாளைக்கு இருபது முறை கேட்க வேண்டியவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

பணத்தை அறிந்துகொள்ள

நம்மிடம் வருகிறவர்கள் அதிகமாய்ப் பயப்படுவது பண விஷயத்தில்தான். 2016க்கு முன் வழங்கிய மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளில் 100 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. இப்போதுள்ள புதிய வரிசையில் 100 ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் 66தான். அடுத்தடுத்த நோட்டுகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர்தான். பேருந்து நெரிசலில் நின்றுகொண்டு விரலால் இதை அளக்க முடியுமா என்று நீங்களே முயன்று பாருங்கள்.

தொட்டறிய அடையாளங்கள் இருக்கின்றன. 100 ரூபாயில் மேடான முக்கோணமும் இரு ஓரங்களிலும் நான்கு கோடுகளும், 500 ரூபாயில் வட்டமும் ஐந்து கோடுகளும் உண்டு. நோட்டு புதிதாக இருக்கும்போது விரலுக்குத் தெரியும். பல கை மாறிக் கசங்கியபின் மேடு தேய்ந்துவிடும். ஆகையால் ஒரு அளவு அட்டையைக் கொடுக்கிறோம். நோட்டின் ஒரு ஓரத்தை அட்டையின் விளிம்போடு சேர்த்துப் பிடித்தால், மறு ஓரம் எந்தக் குறியில் வந்து நிற்கிறதோ அதுவே நோட்டின் மதிப்பு. கெட்டியான அட்டை கிடைத்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதோடு, 100 ரூபாயை மடிக்காமலும், 200ஐ நீளவாக்கிலும், 500ஐக் குறுக்காகவும் மடித்து வைக்கும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்கிறோம்.

நாணயத்தில் நிலைமை சற்று மேல். 2019இல் பார்வையற்றோரை மனதில் வைத்து ஒரு புதிய நாணய வரிசை வெளியிடப்பட்டது. அதில் 20 ரூபாய்க் காசு பன்னிரண்டு பக்கம் கொண்டது, தொட்டவுடன் தெரியும். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. நோட்டைக் கைப்பேசி முன் பிடித்தால் மதிப்பை வாயால் சொல்லும், அதிர்வாலும் தெரிவிக்கும். இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் இது எல்லாக் கையிலும் இல்லை. அட்டையும் மடிப்பும் எல்லாக் கைக்கும் ஆகும்.

பூதக்கண்ணாடியும் ஐந்து சென்டிமீட்டரும்

இனி நாங்கள் முக்கியமாய்ச் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களிடம் வந்தார். யாரோ அன்பாகக் கொடுத்த நல்ல பூதக்கண்ணாடி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. "இது உதவாதம்மா, எல்லாம் மங்கலாகத்தான் தெரிகிறது" என்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடியில் குறை ஒன்றும் இல்லை. அது ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 20 டயாப்டர் சக்தி. அப்படிப்பட்ட லென்ஸை எழுத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டும். அவரோ ஒரு முழ உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரும்படி செய்தோம். புத்தகத்தைச் சாய்வுப் பலகையில் வைத்தோம். லென்ஸைத் தாளின்மேல் வைத்து, எழுத்து தெளியும்வரை மெதுவாய் உயர்த்தச் சொன்னோம். முகத்தை லென்ஸின் அருகே கொண்டுவரச் சொன்னோம். சக்தி கூடக் கூட லென்ஸ் சிறியதாகும், ஒரே நேரத்தில் சில எழுத்துக்களே தெரியும். ஆகையால் கண்ணை அசைக்காமல் லென்ஸை வரியோடு நகர்த்தப் பழக வேண்டும். வரி தவறாமலிருக்க, கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவு நீளமான துவாரம் வெட்டி எழுத்தின்மேல் வைத்தோம். அந்த அட்டை பக்கத்து வரிகளை மறைக்கும், வெள்ளைத் தாளின் கூச்சத்தையும் குறைக்கும்.

முதல் நாள் அவர் நான்கு வரி படித்தார், கழுத்து வலித்தது. பிறகு வாராவாரம் வந்து பழகினார். இப்போது தம் வேதாகமத்தைத் தாமே வாசிக்கிறார். மெதுவாகத்தான் வாசிக்கிறார், ஆனால் யாரையும் எதிர்பார்க்கவில்லை. லென்ஸ் முன்பிருந்த அதே லென்ஸ்தான். அதோடு சேர்ந்து வர வேண்டியிருந்தது சில மணிநேரக் கற்பிப்பு.

வெள்ளைக்கோல்

வெள்ளைக்கோலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விபத்தில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர், வண்டி ஓட்டுகிறவர்கள் தம்மைக் கவனிக்கும்படி 1921இல் தம் கைத்தடிக்கு வெள்ளை வர்ணம் பூசினார். அந்தத் தடி அடையாளமாக மட்டும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் கண்ணிழந்த போர்வீரர்களுக்கு அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த ரிச்சர்ட் ஹூவர், தடியை நீளமாகவும் லேசாகவும் ஆக்கி, அதைக் கொண்டு தரையைத் தேடி நடக்கும் முறையை உண்டாக்கினார். அவர் பிற்காலத்தில் கண் மருத்துவரானார். இன்று நாங்கள் கற்பிப்பது அவர் முறையே.

அந்த முறையில் கோலின் முனை, தோளின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இடமும் வலமும் மாறி மாறித் தரையைத் தொட வேண்டும். இடது கால் முன்னே போகும்போது முனை வலப்பக்கம் தொடும். அதாவது வலது கால் அடுத்து வைக்கப்போகும் இடத்தைக் கோல் ஒரு அடி முன்னதாகவே பார்த்துவிடுகிறது. சாக்கடை, படிக்கட்டு, மேட்டுக் கல் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். கோலின் நீளமும் ஆளுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது ஏறக்குறைய நெஞ்செலும்புவரை எட்ட வேண்டும். குட்டையான கோலைக் கொடுத்தால், பள்ளத்தைக் கோல் சொல்வதற்கும் கால் விழுவதற்கும் நேரம் ஒன்றாகிவிடும்.

கோல்களை மொத்தமாக வாங்கினால் பெரும்பாலும் ஒரே நீளத்தில் வரும். மேடையில் வரிசையாக நிறுத்திக் கொடுத்து போட்டோவும் எடுக்கலாம். ஆனால் அளவு பாராமலும் நடை கற்பிக்காமலும் கொடுத்த கோல், வீட்டில் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும். நன்றாக உபயோகிக்கிறவருடைய கோலுக்கும் கவனிப்பு வேண்டும். அடிமுனை தேயும், மடக்குக் கோலுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு தளரும். மாற்று முனை மிகச் சிறிய செலவு. அது கிடைக்காததால் முழுக் கோலும் மூலையில் போடப்படுவதைப் பார்க்கிறோம்.

இன்னொரு தடையும் உண்டு, அது வெட்கம். கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணை அவள் தாயார் அழைத்துவந்தார்கள். நடை நன்றாகப் பழகிவிட்டாள். தாயார் எங்களைத் தனியே கூப்பிட்டு, "சிஸ்டர், தெருவில் கோல் பிடித்துப் போனால் குருடி என்று பெயராகிவிடும், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று அழுதார்கள். நாங்கள் வாக்குவாதம் பண்ணவில்லை. அந்தத் தாயாரை மகளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்து வரும்படி கேட்டுக்கொண்டோம். பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பும்வரை அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷமாய் இவள் கையை நான் விட்டதே இல்லை" என்றார்கள். இந்த வேலைக்கு எந்தக் கடையிலும் உபகரணம் கிடையாது, நேரம்தான் வேண்டும்.

எழுத்தும் படிப்பும்

பிரெய்ல் முறையைத் தந்த லூயி பிரெய்ல், பிரான்சில் தம் தகப்பனாரின் தோல் பட்டறையில் மூன்று வயதில் கூரான கருவி குத்திப் பார்வையை இழந்தவர். 1829இல் தம் ஆறு புள்ளி எழுத்து முறையை வெளியிட்டார். ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள் உண்டாகும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் நிலைபெற்றது. நம் பிள்ளைகள் தமிழை அதில்தான் எழுதுகிறார்கள். சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக விரலால் படிக்க வேண்டும். அதே 1951இல் அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளி ஆறு விசைகள் கொண்ட தட்டெழுத்து இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதில் எழுதும்போதே புள்ளி மேல்பக்கம் எழும்பும், உடனே படித்துப் பார்க்கலாம். இந்த இயந்திரம் நம் காட்பாடியில், வொர்த் டிரஸ்ட் தொழிற்கூடத்திலும் தயாராகியிருக்கிறது என்பதில் நமக்குச் சந்தோஷம். தொழுநோயிலிருந்து சுகமானவர்களுக்கும் ஊனமுற்றோருக்கும் வேலை கொடுக்க எழுந்த இடம் அது.

மிஷன் ஊழியத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் அம்மையாரும், 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்றோர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து, வருஷக்கணக்காய்க் கற்பித்தார்கள். இன்று திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற வாலிபர் ஒருவர் 2006இல் தொடங்கியது அது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளேயே பேசும் வசதி வருகிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. இதிலும் குறைவுபடுவது கற்றுக்கொடுக்கும் ஆள்தான்.

நாங்கள் உங்களிடம் கேட்பது

பிரியமானவர்களே, வெள்ளைக்கோல், பிரெய்ல் சட்டம், கடிகாரம் போன்றவற்றுக்கு அரசு உதவி உண்டு. மத்திய அரசின் அடிப் திட்டம் 1981 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம். ஆனால் பொருள் வந்தபிறகு வீடு தேடிப்போய்க் கற்பிக்க ஆள் இல்லாமல் போகிறது. ஆகையால் உங்கள் காணிக்கையை முதலாவது கற்பிப்பவர்களுக்காகவும், அவர்களுடைய பஸ் கட்டணத்துக்காகவும், இரண்டாவது மாற்று முனை, பேட்டரி, எலாஸ்டிக் கயிறு போன்ற சிறு பொருட்களுக்காகவும் ஒதுக்க அனுமதி தாருங்கள். இவற்றுக்குப் போட்டோ எடுத்து அனுப்ப முடியாது. ஆனால் மற்ற எல்லாக் கொடையும் பயன்படுவது இவற்றால்தான்.

மூன்றாவது காரியத்துக்குப் பணம் வேண்டாம். உங்கள் ஆலயப் படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை அடியுங்கள். பாட்டுத்தாளைப் பெரிய எழுத்தில் சில பிரதிகள் எடுத்துவையுங்கள். பார்வையற்றவரிடம் பேசும்போது, "அண்ணே, நான் இன்னார்" என்று பெயர் சொல்லித் தொடங்குங்கள். போகும்போது போகிறேன் என்று சொல்லுங்கள். அவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும்.

நான்காவதாக, கொடுக்கும் முன் கேளுங்கள். எரிகோவின் வழியோரத்தில் கூப்பிட்ட பர்திமேயுவுக்கு என்ன குறை என்று பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு அவனை அருகில் அழைத்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட பிறகே செய்தார். எங்கள் பிரிவில் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான். ஒருவர், பேரனின் மார்க் ஷீட்டைப் படிக்க வேண்டும் என்பார். ஒருவர், ராத்திரியில் கழிவறைக்குத் தனியாகப் போக வேண்டும் என்பார். ஒரு அம்மா, புளிக்குழம்பு நானே வைக்க வேண்டும் என்பார்கள். அதைக் கேட்ட பிறகே அலமாரியைத் திறக்கிறோம்.

உங்கள் பகுதியில், "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கேட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். அவர்களுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.